வெள்ளெலியின் கண்ணில் ஒரு ஜன்னல்

முப்பது வருடத்துக்கு முன் ஒரு மாலை, கொம்பன்விளைக் கல்லறைத் தோட்டத்தில், மணலுக்கு அடியிலிருந்து யாரோ தட்டினார்கள்.

டப். டப்டப். கொஞ்சம் நின்று, மறுபடி டப்டப்.

வீட்டில் ஆள் தூங்குகிறார்களோ என்று தயங்கித் தட்டுகிறவர்களின் தட்டல் போல இருந்தது அது. குழிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே நாலு வயதுப் பிள்ளை. பம்பாயிலிருந்து தகப்பன் வந்து சேரும்வரை ஐஸ் வைத்துக் காத்திருந்தார்கள். வந்தவன், மூடுவதற்கு முன்னால் ஒரு படம் வேண்டும் என்றான். அந்தப் பிள்ளையை அதுவரை யாரும் படம் எடுத்ததில்லை.

சத்தம் கேட்டதும் கூட்டம் பின்னால் நகர்ந்தது. "புள்ள தட்டுது" என்றாள் ஒருத்தி. தகப்பன் மண்டியிட்டுப் பெட்டியில் காதை வைத்தான்.

கேமராவுக்குப் பின்னால் நின்ற சுயம்பு மட்டும் நகரவில்லை.

"அசையாதீங்க" என்றார். படம் எடுத்தார்.

யாரைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று ஊரில் கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள்.

சுயம்புவுக்குப் பஜாரில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. கல்யாணம், பாஸ்போர்ட், பள்ளிக்கூடத்து வகுப்புப் படம் எல்லாம் எடுத்தார். ஆனால் தேரி என்கிற செம்மணல் மேடுகளைச் சுற்றியிருந்த ஊர்களில் அவர் பெயர் பரவியது வேறொன்றால். உயிரோடு இருக்கும்போது படமே எடுத்துக்கொள்ளாதவர்கள் அப்போது நிறைய. அவர்கள் செத்ததும் வீட்டார் சுயம்புவுக்கு ஆள் அனுப்புவார்கள். அவர் போய்ச் சட்டைக் கழுத்தைச் சரிசெய்வார். தலையை இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் திருப்புவார். பழக்கதோஷத்தில் "அசையாதீங்க" என்பார். பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்து, மெல்லிய தூரிகையால், மூடிய இமைகளின் மேல் கண்களை வரைவார். கடைசியாகக் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பார். புள்ளி விழுந்ததும் அந்த ஆள் விழித்துக்கொள்வார்.

அதைக் கண் திறப்பது என்றார்கள். "சுயம்பு கண்ணத் திறந்தா எமனே வந்த வழி திரும்பிருவான்" என்று ஒரு பேச்சு இருந்தது.

அந்தப் பேச்சு அவருடைய ஐம்பத்தொன்பதாவது வயதில் வேறு முகத்தோடு வந்து நின்றது.

அவருக்கு ஒரே மகள், ராசகனி. கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சுயம்பு குழந்தையைப் படம் எடுத்தார். பிரேம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். எட்டாவது மாதம் மறுபடியும் கேமராவோடு போனபோது, மகளின் மாமியார் நடையிலேயே மறித்தாள்.

"சம்மந்தி, தப்பா நினைக்காதிய. நீங்க எடுத்த படம் எங்க வீட்ல மூணு தொங்குது. மூணுக்கும் மாலை போட்டிருக்கு. நாலாவதா இவ படத்தக் கொண்டாந்து குடுத்தீய. அதப் பாத்துட்டு நான் ஓடிப்போய்ப் புள்ள மூக்குல கைய வச்சுப் பாத்தேன். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ."

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சுயம்புவும் பிள்ளையின் மூக்கில் கையை வைத்துப் பார்த்திருந்தார்.

மகள் தெருமுனைவரை கூட வந்தாள்.

"ஆவணி ஒம்பதாம் தேதி காதுகுத்து. அன்னைக்கு நீங்கதான் எடுக்கணும்னு எனக்கு ஆச இருக்குப்பா. அத்த சொல்லுததும் பொய் இல்ல. உயிருள்ள ஏதாவது ஒண்ண, உயிரோட இருக்குத மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துட்டு வாங்க. அதக் காட்டி நான் பேசிக்கிடுதேன்."

அப்போது வைகாசி.

அப்படி உயிருள்ள ஒரு கண்ணை அவர் உரக்கடையில் பார்த்தார். எலி மருந்து விற்கிற கடை. அதன் காலண்டரில் ஒரு வெள்ளெலி பின்னங்கால்களில் எழுந்து நின்றது. முதுகு மணல் நிறம், வயிறு வெள்ளை, வால் நுனியில் கறுப்பாக ஒரு குஞ்சம். அதன் கண் சுயம்புவைப் பார்த்தது. அவர் ஒரு எட்டு நகர்ந்தார். அப்போதும் பார்த்தது. கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"யாரு எடுத்தது?"

"எலி டீச்சர்" என்றார் கடைக்காரர்.

எப்சிபாவுக்கு முப்பத்தாறு வயது. ஒரு பள்ளியில் விலங்கியல் டீச்சர். தேரி தொடங்குகிற இடத்தில் தனியாக ஒரு வீட்டில் இருந்தாள். பள்ளி விட்டதும் ஒரு சாக்கையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு மணலுக்குள் போய்விடுவாள். எலி டீச்சர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். எப்சிபா என்று கூப்பிட்டால்தான் சில சமயம் கேட்காது.

"எலி மருந்துக் கடைக்காரன் உங்க படத்தப் போட்டிருக்கானே" என்றார் அவள் வாசலில் போய் நின்ற சுயம்பு.

"கேக்காமத்தான் போட்டான். அவன் கடையில எலி ஒண்ணாவது உயிரோட இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன். உக்காருங்க அண்ணாச்சி."

உட்கார்ந்தார். வந்த காரியத்தைச் சொன்னார்.

"உயிரோட ஒண்ணு வேணும்னா கன்னுக்குட்டி எடுக்கலாமே."

"எடுத்தேன்."

"எப்படி வந்துது?"

"மாட்டுக்காரி பாத்துட்டு அழுதுட்டா."

எப்சிபா சிரிக்கவில்லை. உதட்டை மடித்துக்கொண்டாள்.

"எனக்கு அந்தக் காலண்டர் கண்ணு வேணும் டீச்சர். அது எப்படின்னு சொல்லிக் குடுங்க. உங்கள விட இருவத்திமூணு வயசு மூத்தவன். வெக்கத்த விட்டுத்தான் கேக்குதேன்."

"நாளைக்கு அஞ்சு மணிக்கு வாங்க. ஒரு சாக்கு கொண்டாங்க."

அவள் கூட்டிப்போன இடம் கொம்பன்விளையின் பழைய கல்லறைத் தோட்டம். பத்து வருடத்துக்கு முன் தேரி நகர்ந்து அதை மூட ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒன்று ஏற்படுத்திக்கொண்டார்கள். இப்போது சிலுவைகளின் மேல்பாதி மட்டும் வெளியே தெரிந்தது. கழுத்தளவு தண்ணீரில் கைகளை விரித்து நிற்கிறவர்களைப் போல அவை நின்றன.

"இங்கயா?"

"ஆள் நடமாட்டம் கிடையாது. மண்ணும் லேசு. ஏற்கெனவே தோண்டுன மண்ணு. வெள்ளெலிக்கு அது தெரியும்."

சுயம்பு சிலுவைகளில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இவர நான் எடுத்திருக்கேன். இந்தம்மாவையும். இவருக்குக் கண்ணு வரைய மூணு நாள் ஆச்சு, ஒரு கண்ணு மாறுகண்ணு."

"அப்ப பழைய வாடிக்கைக்காரங்க மேலதான் படுக்கப் போறீய. தெரிஞ்ச ஆளுன்னா கோவிக்க மாட்டாங்க."

வளைகளைக் காட்டினாள். ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அகலம். ஒன்றின் முன்னால் தள்ளிய மணல் ஈரமாக இருந்தது. ஏழு வாசல், ஒரே வீடு என்றாள். எட்டாவதாக ஒன்று இருக்கும், அது மேலே மெல்லிய மணல் தட்டு மூடி வெளியே தெரியாமல் இருக்கும், உயிர் போகிற அவசரத்தில் முட்டிக்கொண்டு வெளியே வர என்றாள். வெளிச்சம் முழுக்கப் போவதற்கு முன் கால்மணி நேரம் மட்டும் அவை வெளியே வரும். அதற்குப் பிறகு நாம் போய்விட வேண்டும், அது அவற்றின் நேரம்.

சுயம்பு சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தார்.

சூரியன் விழுந்தது. காற்று சிலுவைகளுக்கு நடுவே நுழைந்து வெளியே போனது. எதுவும் வரவில்லை. அவருடைய நெஞ்சுக்கு நேர் கீழே, மணலுக்குள், டப் என்று ஒன்று தட்டியது.

டப்டப்.

சத்தம் காதில் விழவில்லை. விலா எலும்பில் விழுந்தது. தன் நெஞ்சுதானோ என்று கையை வைத்துப் பார்த்தார். நெஞ்சு வேறு தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டுதா டீச்சர்?"

"எலிதான். பின்னங்காலத் தட்டுது. மேல ஆள் இருக்குன்னு மத்ததுக்குச் சொல்லுது."

சுயம்பு பம்பாய்த் தகப்பனைப் பற்றிச் சொன்னார்.

"அப்ப அது புள்ள இல்ல."

"இல்ல."

"புதைச்ச பொறவும் அந்தாளு போகல. விடிய விடிய மண்ணுல காத வச்சுக்கிட்டுக் கெடந்தான். தட்டுது தட்டுதுன்னு சொல்லிக்கிட்டே கெடந்தான்."

"தட்டியிருக்கும்."

"விடிய விடியவா?"

"மேல ஒருத்தன் கெடக்கானே அண்ணாச்சி."

முதல் வாரம் அவருக்கு நாலு படம் கிடைத்தது. கேமராவின் திரையில் அவற்றைப் பார்த்துவிட்டு எப்சிபா கேட்டாள்:

"எப்பச் செத்துச்சு?"

"சாகல டீச்சர். நான் எடுத்து முடிச்சதும் உள்ள ஓடிருச்சு."

"அப்படியா" என்றாள். விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

இரண்டாவது வாரம் படத்தில் வெள்ளெலி நடுவாக, தெளிவாக, ஒரு தூசு இல்லாமல் உட்கார்ந்திருந்தது. மீசை மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம்.

"வாசல்ல காய்ஞ்ச புல்லு நாலஞ்சு கெடந்துதே?"

"மறைச்சுது. பிடுங்கிட்டேன்."

"கடிச்சுப்போட்ட முந்திரித்தோலு?"

"அதையும் எடுத்துட்டேன். சுத்தமா இருந்தாத்தானே பாக்க நல்லா இருக்கும்."

"எழவு வீட்ல பந்தல் போடுததுக்கு முன்னால பெருக்குவாங்கல்ல, அப்படிப் பெருக்கியிருக்கீய."

மூன்றாவது வாரம் அவர் படத்தைத் தாளில் பெரிதாகப் போட்டு எடுத்து வந்தார். இந்தத் தடவை புல் இருந்தது, முந்திரித்தோல் இருந்தது. வெள்ளெலியின் கண் பளிச்சென்று இருந்தது. எப்சிபா தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"இத எடுக்கையில சூரியன் எங்க இருந்துச்சு?"

"விழுந்துட்டுது."

"டார்ச் அடிச்சியளா?"

"இல்ல."

"அப்ப கண்ணுல இந்த வெள்ளப் புள்ளி?"

சுயம்பு தரையைப் பார்த்தார்.

"நான் வச்சேன். கம்ப்யூட்டர்ல."

"எதுக்கு?"

"கண்ணுக்குள்ள என்னமோ கறுப்பா இருந்துச்சு. அசிங்கமா. அது மேல வச்சேன்."

"எப்பவும் இந்த இடத்துலதான் வைப்பியளோ? கடிகாரத்துல பத்து இருக்குமே, அங்க?"

"என் வாத்தியார் அங்கதான் வைக்கச் சொன்னாரு."

"ஏன் அங்க?"

"அவரு ஸ்டூடியோவுல அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்துச்சு. உக்காருத ஆளு கண்ணுல அது விழும்."

"இப்ப இருக்கா அந்த ஜன்னல்?"

"கட்டடத்தையே இடிச்சாச்சு. நாப்பது வருஷம் ஆச்சு."

எப்சிபா தாளை மடக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் பகலில் சுயம்பு தன் ஸ்டூடியோவின் பரணிலிருந்து பழைய பெட்டிகளை இறக்கினார். யாரும் வாங்க வராத படங்கள், கூடுதலாகப் போட்ட படங்கள், மாதிரிக்கு வைத்துக்கொண்டவை. தரையில் வரிசையாகப் பரப்பினார். அறை நிறைந்தது. கிழவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், கிணற்றில் விழுந்தவர்கள், காய்ச்சலில் போனவர்கள். எல்லார் கண்ணிலும் பத்து இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி.

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஜன்னல். சுவர் இல்லாத, கட்டடம் இல்லாத ஒரு ஜன்னல். சுற்றுப்பட்ட பத்து ஊர்களில், மாலைக்குப் பின்னால் இருந்துகொண்டு, செத்தவர்கள் எல்லாரும் அதிலிருந்து வரும் வெளிச்சத்தில் இருந்தார்கள். கடைசியில் ஒரு வெள்ளெலியும்.

அந்த ஜன்னல் இருந்திருக்கவேண்டிய திசையில் அவர் திரும்பிப் பார்த்தார். அங்கே அவருடைய ஸ்டூடியோவின் சுவர் இருந்தது. சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர்.

தரையில் கிடந்த படங்களுக்கு முதுகைக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வந்து, கதவைச் சாத்தினார்.

ஆடி பாதி போனது. தேரியில் காற்று எழுந்தது. ஆறு நாள் மணல் பறந்தது. வெளியே தெரிந்த சிலுவைகளில் இரண்டு முழுதாக உள்ளே போயின. ஏழாம் நாள் சாயங்காலம் காற்று சட்டென்று நின்றது. சுயம்பு எப்சிபாவின் வீட்டுக்கு வந்தார். கேமராவை மேசைமேல் வைத்தார்.

"புல்லப் பிடுங்கல. புள்ளி வைக்கல. அப்பவும் செத்த மாதிரிதான் வருது. உயிருள்ளத நான் எடுத்தா ஏன் டீச்சர் பொணமாப் போகுது? கேமராவுலயா கோளாறு, என் கையிலயா? சம்மந்தியம்மா சொன்னது நெசந்தானா?"

எப்சிபா எழுந்து சாக்கை எடுத்தாள்.

"வாங்க. காத்து நின்னிருக்கு. இன்னைக்கு எல்லாம் வெளிய வரும்."

மணல் புதிதாக, ஒரு காலடி இல்லாமல் கிடந்தது. அவர்களுடைய காலடிகள்தான் முதல். சுயம்பு வழக்கமான இடத்தில் படுத்தார். எப்சிபா எங்கே போனாள் என்று அவர் பார்க்கவில்லை.

முதலில் ஒரு மூக்கு. பிறகு மீசை. ஒரு வெள்ளெலி வெளியே வந்து, முன்னங்கால்களால் முகத்தைக் கழுவியது. இன்னொரு வாசலில் இன்னொன்று. ஒன்று விதை எதையோ இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தது. ஒன்று மற்றதன் முதுகைத் தாண்டிக் குதித்தது. சிலுவைகளுக்கு இடையில், மங்கின சிவப்பு வெளிச்சத்தில், சத்தமே இல்லாமல் ஒரு வீடு நடந்துகொண்டிருந்தது.

சுயம்பு கேமராவில் கண்ணை வைத்தார். விரல் பொத்தானுக்குப் போனது. அவருடைய வாய், அவரைக் கேட்காமல், மூச்சோடு மூச்சாகச் சொன்னது:

"அசையாதீங்க."

ஏழு வாசலிலும் எல்லாம் நின்றன.

விதை பாதி வாயில் இருந்தது. தூக்கின கால் தூக்கினபடி இருந்தது. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. மீசைகூட ஆடவில்லை. கண்கள் திறந்திருந்தன, ஆனால் அவற்றுக்குப் பின்னால் யாரும் இல்லை. சுயம்புவுக்கு அந்தப் பார்வை தெரியும். நாற்பது வருடமாகத் தெரியும்.

அவர் பொத்தானை அழுத்தவில்லை. முதல் தடவையாக அழுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மண்ணுக்குள் தட்டலும் இல்லை.

அப்போது அவருடைய தலைக்குப் பின்னால், ஒரு முழ தூரத்தில், அவருடைய குரலிலேயே, அதே தாழ்ந்த மூச்சில் ஒன்று சொன்னது:

"அசையாதீங்க."

சுயம்புவின் உடம்பு இறுகியது. திரும்ப வேண்டும் என்று நினைத்தார். கழுத்து திரும்பியது, அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் எங்கோ ஒரு கேமரா சொடுக்கியது.

எப்சிபா மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். வெள்ளெலிகள் ஒரே நொடியில் இல்லாமல் போயின.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி, நாந்தான் சொன்னேன். கொஞ்சம் தண்ணி குடிங்க."

அவர் குடித்தார். அவள் தன் கேமராவின் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

மணல்மேல் ஒரு முகம். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன, எதையும் பார்க்கவில்லை. தோல் மெழுகு மாதிரி இருந்தது. பின்னால் ஒரு சிலுவை.

சுயம்பு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தாடைய மட்டும்தான் இன்னும் கட்டல" என்றார் கடைசியில்.

எப்சிபா தண்ணீர்ப் பாட்டிலை மூடி வைத்தாள்.

"நான் உயிரோடதான் இருந்தேன் டீச்சர்."

"அதுவளும்தான்."

இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தார்கள். எப்சிபா லேப்டாப்பைத் திறந்தாள். மூன்றாவது வாரம் அவர் எடுத்த படத்தை, புள்ளி வைப்பதற்கு முந்திய படத்தை, கேமராவிலிருந்து எடுத்துப் போட்டாள். கண்ணை மட்டும் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கண் திரையை நிறைத்தது.

கறுப்பு உருண்டையின் மேல்பாதியில் மங்கின வானம் வளைந்து கிடந்தது. கீழே சிவப்பாக மணல். ஓரத்தில் சிலுவைகள், தீக்குச்சி அளவில், உள்பக்கம் சாய்ந்திருந்தன. நடுவில் கறுப்பாக ஒரு குவியல். அதற்குக் கையில்லை, காலில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வட்டமாக ஒற்றைக் கண்.

"இது என்ன டீச்சர்?"

அவள் பதில் சொல்வதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இதுக்கு மேலதான் புள்ளி வச்சேன்" என்றார்.

"ஆமா."

அவள் காலண்டர்ப் படத்தை எடுத்தாள். அதே மாதிரி கண்ணைப் பெரிதாக்கினாள். வானம் இருந்தது. இரண்டு பனை இருந்தது. அடியில், மணலோடு மணலாக, கறுப்பாக ஒரு குவியல்.

"இதுலயும் இருக்கே."

"அது நான்."

"நீங்க அழிக்கல."

"அழிச்சா அது யாரப் பாக்கும்?"

சுயம்பு இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே காற்று மறுபடி எழுந்து, ஜன்னல் கண்ணாடியில் மணலைப் பொடிப்பொடியாக எறிந்தது.

"உங்களப் பாத்தும் அது பயப்படல" என்றார்.

"மூணு வருஷம் கேமரா இல்லாமப் போனேன். பக்கத்துல படுத்துக் கெடந்தேன். காலாண்டுப் பரிச்சப் பேப்பரெல்லாம் அங்க வச்சுத்தான் திருத்துனேன். ஒரு தடவ ஒண்ணு வந்து ஒரு பயலோட மார்க்கக் கடிச்சுட்டுது."

"எனக்கு மூணு வருஷம் இல்ல டீச்சர். காதுகுத்துக்கு இருவது நாள்தான் இருக்கு. எலிக்கு நான் யாரோ. என் பேத்தி கண்ணுலயும் இந்தக் கறுப்புதான் விழுந்திருக்கும்னா, நான் என்னதான் செய்யணும்? எந்தப் பக்கம் நின்னு, எப்படி எடுக்கணும்? சொல்லுங்க. நீங்க சொல்லுதபடி செய்யுதேன்."

எப்சிபா லேப்டாப்பை மூடினாள். அறையில் இருந்த வெளிச்சத்தில் பாதி போனது.

"உங்க பேத்தி உங்களப் பாத்திருக்காளா அண்ணாச்சி?"

சுயம்பு வாயைத் திறந்தார். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில், துணிச்சுருளுக்கு மேலே குனிந்து நின்றது நினைவுக்கு வந்தது. அப்புறம் ஐந்தாறு தடவை போயிருந்தார். தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது, நடையில் நின்றது, ஒரு தடவை தெரு ஜன்னலின் கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்றது. ஒவ்வொரு தடவையும் அவருடைய முகத்துக்கு முன்னால் கேமரா இருந்தது.

அவர் கேமராவை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தார்.

ஆவணி ஒன்பதாம் தேதி காது குத்தினார்கள். ராசகனிக்கு உடன்பிறந்தவன் இல்லை. உட்கார வைக்கத் தாய்மாமன் மடி இல்லாததால், குழந்தையைத் தாத்தாவின் மடியில் வைத்தார்கள். படம் எடுக்க வேறொரு ஸ்டூடியோவிலிருந்து ஆள் வந்திருந்தார். சுயம்பு அந்த மார்கழியில் இறந்தார்.